பதில் விசில் அடிக்காத மதியம்

இன்று காலை ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பக்கம், காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெண் குனிந்து காலுறையின் மேல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அட்டை ஏறாமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியது. பறவை பார்க்க வந்திருந்தவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் நாலு வார்த்தையைக்கூட முடிக்காமல், தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ முழங்கால்வரை பூசிக்கொண்டு வந்து நிற்பாய். "இந்த நாத்தத்துக்கு அட்டை என்ன, உன் வீட்டுக்காரரே கிட்ட வரமாட்டார்" என்று நான் சொல்வேன். "அதுக்குத்தானே பூசுறது" என்பாய்.

செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் நீ என்ன சொல்வாய் என்றும் எனக்குத் தெரியும். "இந்த நேரத்துக்கு அந்த ஈரத் துணியெல்லாம் துவைச்சுப் போட்டிருக்கலாம்ல, மேடம்." கோபம் வந்தால் நான் உனக்கு மேடம். துணி ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. எழுதிவிட்டுத் துவைக்கிறேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பாசாரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாய் என்றார்கள். எனக்கு வருத்தத்தைவிட முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் என் பின்னால் வந்தவள், ஒரு வார்த்தை சொல்லாமல் முன்னால் போய்விட்டாயே என்று. அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

நாம் இருவரும் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பாயான் லெப்பாசில் ஃபேக்டரி வேலை, ஒரே லைன், ஒரே ஷிப்ட். லைனை மூடி ஆளை அனுப்பியபோது, வாரக் கடைசியில் பொழுதுபோக்காகப் பறவை பார்த்துக்கொண்டிருந்த நாம் அதையே பிழைப்பாக்கினோம். வழிகாட்டி லைசென்ஸ் எடுத்தோம். நான் முன்னால் நடந்து பறவையைக் காட்டுவேன். நீ கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து ஒருவரும் விடுபடாமல் கொண்டுவருவாய். முன்னால் போகிறவளுக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். "கைதட்டலை நீயே வச்சுக்க, எனக்கு ஆளு மிச்சம் இல்லாம வந்து சேரணும்" என்பாய்.

காட்டில் கத்தக்கூடாது என்பது நம் முதல் விதி. பேச்சு வேண்டாம், போனை அணைத்துவிடுங்கள், கையைக் காட்டினால் நில்லுங்கள் என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுவோம். ஆனால் வளைந்து வளைந்து போகும் பாதையில் நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதற்கு நீ கண்டுபிடித்ததுதான் அந்த விசில். பிட்டாவின் குரல். பச்சை முதுகும் நீலச் சிறகுமாகத் தரையில் தத்தித் தத்தி இரை பொறுக்கும் அந்தக் குருவி. இரண்டு சுரம், சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு சுரம். நான் முன்னால் அடித்தால் 'எல்லாரும் இருக்கிறார்களா' என்று அர்த்தம். நீ பின்னால் அடித்தால் 'இருக்கிறார்கள், நட' என்று அர்த்தம். பதில் வரவில்லை என்றால் நான் திரும்பி வந்தாக வேண்டும். அந்தச் சரிவில் அந்தக் குருவியை நாம் பார்த்ததே கிடையாது. அதனால் யாருக்கும் குழப்பம் வராது என்று நினைத்தோம். நீ சொன்னாய், நானும் பலமாகத் தலையாட்டினேன்.

ஈப்போ அண்ணன் வந்த நாளை எடுத்துக்கொள்கிறேன். அவரும் மனைவியும் ஈப்போவிலிருந்து முதல் நாளே வந்து லிட்டில் இந்தியாவில் தங்கியிருந்தார்கள். கழுத்தில் பெரிய கேமரா, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். இரண்டையும் அவரே பெருமையாகச் சொன்னார். காலைப் பசியாறும்போதே என்னிடம் கேட்டுவிட்டார்.

"தங்கச்சி, இன்னிக்குப் பிட்டா கெடைக்குமா? நானும் எங்கெங்கயோ போயிட்டேன். என் கண்ணுக்கு மட்டும் மாட்டவே மாட்டேங்குது."

"சீசன்தான் அண்ணே. ஆனா இந்தப் பக்கம் நாங்க பார்த்ததில்ல" என்றேன்.

"பார்க்காதது வேற, இல்லாதது வேற" என்றார். அவர் மனைவி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "இவருக்கு அந்தக் குருவி, எனக்கு இவரு" என்றார். நாம் எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் கொடிமலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே மேகம் கறுத்திருந்தது. மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று என் காதில் சொன்னாய்.

பாதை ஒரு பள்ளத்தைச் சுற்றி லாடம்போல வளைந்து போகும் இடம் உனக்குத் தெரியும். இந்தக் கரையில் போய், வளைவைச் சுற்றி, அந்தக் கரையில் வெளியே வந்து, கீழே இறங்கினால் பொண்டோக், நாம் உட்கார்ந்து சாப்பிடும் அந்தக் கூரைக் கொட்டகை. நடுவில் பள்ளம். பள்ளத்தின் அடியில் சுங்கை. அந்த ஓடை கொஞ்ச தூரம் ஓடி ஒரு பாறை விளிம்பில் கீழே விழும். வெயில் நாளில் கணுக்கால் தண்ணீர். மலையில் மழை பெய்தால் அது வேறு ஆள்.

நான் அந்தக் கரைக்கு வந்ததும் விசில் அடித்தேன். நீ இந்தக் கரையிலிருந்து பதில் கொடுத்தாய். நான் ஆட்களை இறக்கிப் பொண்டோக்கில் உட்கார வைத்தேன். ஈப்போ அண்ணனின் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அவரு எங்க?"

"பின்னால என் கூட்டாளிகூட வராரு அக்கா."

நீ கோலாலம்பூர்ப் பெண் ஒருத்தியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவள் காலில் அட்டை ஏறியிருந்ததைப் பார்த்து அழுது, அதை எடுத்துவிட்டுக் கிளம்ப நேரமாகியிருக்கிறது. உனக்குப் பின்னால் பாதை காலியாக இருந்தது.

"அண்ணன் உன்கூடத்தானே?" என்று கேட்டேன்.

"உன்கூட இல்ல?" என்றாய்.

உன் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். நீ அவர் முன்னால் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறாய், நான் பின்னால் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். நடுவில் ஒரு மனிதர் இல்லாமல் போயிருந்தார்.

அவர் போனுக்கு அடித்தேன். மணி அவர் மனைவியின் பைக்குள்ளிருந்து கேட்டது. குருவி பறந்துவிடும் என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுத்தான் நடந்திருக்கிறார். விதி போட்டது நாம்தானே. அந்த அக்கா பைக்குள் கையை விட்டுப் போனை எடுக்கும்போது ஒரு சின்னக் குப்பியும் கூட வந்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

பொம்பாவுக்குப் போன் போட்டேன். இங்கே மலையில் தொலைந்தவர்களையும் தீயணைப்புக்காரர்கள்தான் தேடுவார்கள். வருகிறோம் என்றார்கள். ஆனால் அணைக்கட்டிலிருந்து அங்கே ஏறவே எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ வந்த வழியே ஓடினாய். நான் பொண்டோக்குக்குப் பக்கத்தில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். விதியாவது மண்ணாவது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. இடையிடையே உனக்கு விசில் கொடுத்தேன், நீ பதில் கொடுத்தாய். நீ பத்திரமாக இருக்கிறாய், அவர் இன்னும் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் நீ பதில் கொடுத்த பிறகு நான் இன்னும் பலமாகக் கத்தினேன்.

பிறகு நான் விசில் அடித்தபோது உன் பதில் வரவில்லை. மறுபடி அடித்தேன். அதற்கும் இல்லை. மேலே இடி உருளத் தொடங்கியது. உனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாவது தடவை உதட்டைக் குவித்தபோது நீ மூச்சிரைக்க ஓடிவந்து உன் உள்ளங்கையால் என் வாயை அடைத்தாய். தைலமும் சேறும் வாயில் பட்டது.

"அடிக்காத. அந்த ஆளு தொலையல. நம்ம விசிலுக்குப் பின்னாலதான் போய்க்கிட்டிருக்காரு."

எனக்கு முதலில் புரியவில்லை. நீ என்னை அந்த அக்காவுக்குக் கேட்காத தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாய். வளைவில் புதர் விலகியிருக்கிறதாம். கால் தடம் பள்ளத்துக்குள் இறங்குகிறதாம்.

"வழுக்கி விழுந்த தடம் இல்ல. குதிகாலை ஊனி, ஒரு குச்சிகூட ஒடியாம எறங்கியிருக்காரு. ஏதோ குருவிகிட்டப் போற மாதிரி. நீ அந்தக் கரையில அடிச்ச, நான் இந்தக் கரையில அடிச்சேன். நடுவுல நின்னவருக்கு ஜோடிக் குருவி பள்ளத்துல கூப்புடுற மாதிரி இருந்திருக்கு."

"அப்ப நான் கத்துறது கேக்கலையா?"

"கேட்டிருக்கும். அதான் பதில் குடுக்கமாட்டாரு. நீ கத்தினா குருவி பறந்துடும்னு இன்னும் உள்ள போயிருப்பாரு. நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

அதையேதான் செய்திருப்பேன். பறவை பார்க்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இப்படிக் காணாமல் போகமாட்டார்கள். நான் கீழே பொண்டோக்கிலிருந்து விசில் அடித்த ஒவ்வொரு தடவையும் அவரை ஓடையோடு இன்னும் கீழே, அந்தப் பாறை விளிம்புப் பக்கம் வரவழைத்திருக்கிறேன். இறங்கிப் போய்ப் பிடித்து இழுத்து வருகிறேன் என்று கிளம்பினேன். நீ என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய்.

"பதறாத காரியம் சிதறாது. நாலு பக்கமும் ஓடினா மழைக்குள்ள கண்டுபிடிக்க முடியாது. அவரையே வர வைக்கணும். நான் மேல வளைவுக்குப் போயி அடிக்கிறேன். சத்தத்தைப் பார்த்து ஏறி வருவாரு. நீ இங்க வாயைத் தொறக்காத. நான் எத்தனை தடவை அடிச்சாலும் பதில் குடுக்காத. நீ ஒரு தடவை அடிச்சாலும் திரும்பிப் பாறைக்குப் போயிடுவாரு."

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாய். மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

நான் அந்த அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். மேலேயிருந்து உன் முதல் விசில் வந்தது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மெல்லக் கேட்டார்.

"அது பறவை இல்லன்னு அவருக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது அக்கா."

"தெரியாமலே இருக்கட்டும். தெரிஞ்சா கோவிச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துக்குவாரு."

உன் விசில் வந்துகொண்டே இருந்தது. இரண்டு சுரம், இடைவெளி, இரண்டு சுரம். 'எல்லாரும் இருக்கிறார்களா' என்று நீ கேட்கிற மாதிரியே இருந்தது. எத்தனை வருடப் பழக்கம், என் உதடு தானாகக் குவிந்தது. துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பதில் கொடுக்காமல் விடுவது என்றால் நம் கணக்கில் ஆபத்து என்று அர்த்தம். நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் கல்லாக நிற்கிறேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை வாயைத் திறந்து வம்பு வாங்கியிருக்கிறேன். வாயை மூடுவது இவ்வளவு வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மழை பிடித்தது. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் உன் விசில் தேய்ந்து தேய்ந்து வந்தது. பிறகு அது இடம் மாறியது. வளைவில் இல்லை, இன்னும் கீழே, பள்ளத்துக்குள்ளிருந்து வந்தது. மழையில் அவருக்குக் கேட்காது என்று நீயே உள்ளே இறங்குகிறாய் என்று புரிந்தது. மேலே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்குகிறாயே, பாவி, என்று மனதுக்குள் திட்டினேன். இன்னொரு தடவை கேட்டது. அதன் பிறகு நின்றுவிட்டது.

அந்த அக்கா என் கையைப் பிடித்தார். மழை, ஓடையின் சத்தம், வேறு ஒன்றும் இல்லை. ஓடையின் சத்தம் கனத்துக்கொண்டே வந்தது. ஒரே ஒரு விசில் அடித்தால் போதும், நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரிந்துவிடும். ஆனால் அவர் உன்னை நோக்கி வந்துகொண்டிருந்தால், அந்த ஒரு விசில் அவரைத் திருப்பிவிடும். நீ விழுந்து கிடந்து, நான் சும்மா நின்றிருந்தால்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். உன்னை நம்பினேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். உண்மையில் பயத்தில் எனக்கு எச்சில்கூட ஊறவில்லை, அடித்திருந்தாலும் காற்றுதான் வந்திருக்கும். ஆனாலும் அடிக்கவில்லை.

கடைசியில் பள்ளத்துக்கு மேலேயிருந்து உன் சத்தம் கேட்டது. விசில் இல்லை. அந்தக் காடே அதிரும் உன் சொந்தக் குரல்.

"அக்காவோட பையைக் கொண்டு வாடி, சீக்கிரம்."

ஓடினோம். வளைவில் அவர் ஒரு வேரில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, நெஞ்சில் கை வைத்திருந்தார். அக்கா மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, மூச்சு சீரானதும் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அதன் பிறகுதான் அழுதார். நீ முழங்கால் சிராய்த்து, இடுப்புவரை நனைந்து நின்றாய். நடந்ததைப் பிறகு சொன்னாய். அவர் ஓடைக்கு அந்தப் பக்கம், பாறை விளிம்புக்குப் பக்கத்தில், விசில் வராத பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கத்தினால் பின்னால் ஓர் அடி வைத்துவிடுவாரோ என்று பயந்து, நீ பலகைபோல் உயர்ந்து நின்ற பெரிய மரவேர் ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பக்கத்தில் இருக்கும் குருவி மாதிரி மெல்ல மெல்ல அடித்திருக்கிறாய். அதனால்தான் எனக்குக் கேட்கவில்லை. அவர் ஒவ்வோர் அடியாகத் தண்ணீரைக் கடந்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வேருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், மஞ்சள் மழைக்கோட்டு.

பேச்சு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப மேல ஒண்ணு, கீழ ஒண்ணு கூப்புட்டுச்சே, ஒண்ணாச்சும் நெசக் குருவியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், மனுஷன் சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும் என்று. நீ அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாய்.

"இல்ல அண்ணே. ரெண்டும் நாங்கதான். தப்பு எங்களோடதுதான்."

பொம்பா ஆட்கள் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்போது, "நீ நல்லாத்தான் கூப்புடுறம்மா" என்றார் அண்ணன். இறங்கும் வழியில் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நின்ற பாறையின் மேல் செம்மண் தண்ணீர் புரண்டு போய்க்கொண்டிருந்தது. நீ அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அன்றோடு அந்த விசிலை விட்டோம். வாக்கி டாக்கி வாங்கினோம். அதில் பேசும்போதெல்லாம் நீ சலித்துக்கொள்வாய், ஏதோ டாக்சி ஓட்டுகிற மாதிரி இருக்கிறது லா என்று. இப்போது என் பின்னால் நடப்பவள் சுறுசுறுப்பான பெண். கெட்டிக்காரி. கருவியில் 'ஆல் குட்' என்கிறாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் லாட வளைவு வந்தால் நான் தலையை எண்ணாமல் தாண்டுவதில்லை. இரண்டாவது தடவையும் எண்ணுவேன், பின்னால் வருகிறவள் சிரித்தாலும் சரி.

இன்று அங்கே எண்ணிக்கொண்டிருந்தபோது பள்ளத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரண்டு சுரம், சின்ன இடைவெளி, இரண்டு சுரம். கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினேன். நிஜக் குருவிதான், எனக்குத் தெரியாதா. இத்தனை வருடத்தில் அந்தச் சரிவில் முதல் தடவை. வந்தவர்கள் பைனாகுலரைத் தூக்கினார்கள். "கொஞ்சம் விசில் அடிச்சுப் பாருங்க ஆண்ட்டி, கிட்ட வருமா?" என்று ஒருவர் என் காதில் கேட்டார்.

உதடு குவிந்துவிட்டது. உனக்குச் சொல்வதற்கு எவ்வளவு இருந்தது தெரியுமா. எல்லாரும் இருக்கிறார்கள், நான்தான் தனியாக இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

அது மறுபடி கூப்பிட்டது. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டது. நீ யாரையோ பத்திரமாக மேலே கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நான் பதில் கொடுக்கவில்லை.